பத்தரை மணிச் சாப்பாடும் ஆறேமுக்கால் லோக்கலும்

அசிடிட்டி, கேஸ், மோஷன் சரியில்லை. மும்பையில் தமிழர் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் வீட்டு வாடகைக்கும் மழைக்கும் அடுத்தபடியாக வருகிற பேச்சு இது. பதிலும் கூடவே வந்துவிடும். வடாபாவைத் தொடாதே, காரத்தைக் குறை, காலையில் வெந்நீர் குடி. எல்லாமே எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்கிற கணக்கு. அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் அதில் கடிகாரத்துக்கு இடமே இல்லை. வயிறும் குடலும் நேரம் பார்த்து வேலை செய்கிறவை. இந்த ஊரோ காலையில் ஆறேமுக்கால் லோக்கல் ரயிலுக்கு ஓடவிட்டு, ராத்திரி பத்தரைக்குத் தட்டு முன்னால் உட்காரவைக்கிற ஊர். டோம்பிவிலியிலும் முலுண்டிலும் செம்பூரிலும் காதில் விழுகிற வயிற்றுப் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டும் மோதுகிற இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

முதலில் சாப்பாடு போகிற பாதையைப் பார்த்துவிடுவோம். மென்று விழுங்கிய கவளம் சில நொடிகளில் உணவுக்குழாயைக் கடந்து இரைப்பைக்குள் இறங்கிவிடும். இரைப்பையில் இருப்பது கடுமையான அமிலம். உணவைக் கரைப்பதற்கும், கூடவே வந்த கிருமிகளைக் கொல்வதற்கும் அது வேண்டும். சாதாரணச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும். எண்ணெயும் நெய்யும் கூடினால் நேரமும் கூடும். அடுத்து, சுமார் 6 மீட்டர் நீளச் சிறுகுடல். சாப்பாட்டின் சத்தில் பெரும்பகுதி இங்கேதான் ரத்தத்தில் சேர்கிறது. கடைசியாக ஒன்றரை மீட்டர் பெருங்குடல். மிச்சத் தண்ணீரை உறிஞ்சி, சக்கையைக் கெட்டியாக்கி வெளியே தள்ளுவது அதன் வேலை. அதற்கு அவசரமே கிடையாது. ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்று காலை மலம் இறுகிப் போனால் நேற்று ராத்திரிச் சாப்பாட்டைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அது முந்தாநாள் சமாசாரம்.

நெஞ்செரிச்சல் ஏன் ராத்திரியில் வருகிறது

உணவுக்குழாய் இரைப்பையில் வந்து சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறக்கும், அப்புறம் இறுக்கிக்கொள்ளும். அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குள் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வளையத் தசை தளர்ந்து அமிலம் மேலே ஏறினால் நெஞ்சு எரியும், புளிச்ச ஏப்பம் வரும், சிலருக்குத் தொண்டை கரகரக்கும், இருமல்கூட வரும்.

இனி ஒரு சாதாரண நாளைப் பாருங்கள். ஆறரைக்கு ஆபீஸ் விட்டு, ரயிலில் நின்றுகொண்டே வந்து, ஷேர் ஆட்டோ வரிசையில் காத்திருந்து, வீடு சேரும்போது ஒன்பது ஆகிவிடுகிறது. குளித்து முடித்துச் சாப்பிட உட்கார பத்தரை. மதியம் அரைகுறையாகச் சாப்பிட்ட பசி வேறு. சப்பாத்தி நாலு, அதன் மேல் சோறு, குழம்பு, அப்பளம். பதினொன்றே காலுக்குப் படுக்கை. இரைப்பை நிரம்பி, அமிலம் உச்சத்தில் சுரக்கும் நேரத்தில் உடம்பைக் கிடத்துகிறோம். மூடி சரியாகப் பொருந்தாத பாட்டிலைச் சாய்த்து வைத்த மாதிரிதான். உட்கார்ந்திருந்தால் தன்னால் கீழேயே நிற்கும் அமிலம், படுத்ததும் மேலே வழி தேடும்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி வரை விழித்திருங்கள் என்று இந்த ஊரில் யாரிடம் சொல்வது? ரயில் நேரத்தை மாற்ற முடியாது. சாப்பாட்டின் பாரத்தை நகர்த்தலாம். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஆறரை, ஏழு மணிக்கே முடித்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டும் டப்பாவோடு சின்ன டப்பா ஒன்று கூட. அதில் சுண்டலோ, இரண்டு இட்லியோ, வேர்க்கடலையும் வாழைப்பழமுமோ இருக்கட்டும். ரயில் ஏறும் முன் அது உள்ளே போய்விட்டால், வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் ரசம் சாதமோ மோர்ச் சாதமோ போதும். பசி வெறியில் சாப்பிடுவதும் குறையும். மாதம் ஒரு டப்பா அசிடிட்டி மாத்திரை வாங்குவதைவிட இது மலிவு.

இடது பக்கம் சாய்ந்து படுத்தால் அமிலம் ஏறுவது குறைகிறது. இரைப்பை அமைந்திருக்கும் வாக்கு அப்படி. தலையணையை இரண்டாக்குவதில் பலன் இல்லை, கழுத்துதான் மடங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கலோ மரக்கட்டையோ வைத்து 15 செ.மீ. உயர்த்தினால் முதுகோடு சேர்ந்து உடம்பு சரிவாகும். ஒன் ரூம் கிச்சனில் பாய் விரித்துத் தரையில் படுக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. முதுகுக்கு அடியில் சரிவாக வைக்கிற ஃபோம் தலையணை கிடைக்கிறது, அதுவும் உதவும். தொப்பை குறைந்தால் எரிச்சல் நன்றாகவே குறையும். சிகரெட்டும் மதுவும் அந்த வளையத் தசையைத் தளர்த்துகிறவை. எண்ணெய்ப் பலகாரமும் அப்படித்தான்.

காரம்? ஏற்கெனவே எரிகிறவருக்குக் காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் மிளகாய் தின்று அல்சர் வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் 1982-இல் இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அமிலத்துக்குள் எந்தக் கிருமி வாழும் என்று உலகம் சிரித்தது. மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, சில நாளில் இரைப்பை வீங்கி, வாந்தி எடுத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அல்சரின் இரண்டு பெரிய காரணங்களில் ஒன்று இந்தக் கிருமி. மற்றொன்று நாம் யோசிக்காமல் விழுங்கும் வலி மாத்திரை: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வகை. முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கித் தினமும் போடுகிறவர்கள் காரத்தை விட்டுவிட்டு எரிச்சல் போகவில்லையே என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். விட வேண்டியது காரமாக இருக்காது.

நடுவில் வயிற்றைச் சும்மா விடுவது

சாப்பாடு இல்லாத நேரத்தில் இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஒரு சுருக்க அலை ஓடும். ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒரு தடவை. ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளையும் கிருமிகளையும் கீழே தள்ளிக்கொண்டு போவது அதன் வேலை. பசித்தால் வயிறு உறுமுகிறதே, அதில் இந்த அலைக்குப் பங்கு உண்டு. வாயில் ஏதாவது போட்டதும் அலை நின்றுவிடும். பதினொரு மணிக்கு கட்டிங் சாய் என்கிற அரை டம்ளர் டீ, பிஸ்கட், அரை மணி கழித்து யாரோ நீட்டிய சேவ், மறுபடி ஒரு சாய் என்று போனால் குடலுக்கு அந்த இடைவெளி கிடைப்பதே இல்லை. மூன்று வேளைக்கு மேல் தொடவே கூடாது என்று இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் வேளையைத் தள்ளிப்போடவும் கூடாது. கொறிப்பதை மட்டும் ஒரு நேரத்துக்குள் அடக்கினால் வயிறு உப்புவது பலருக்குக் குறைகிறது.

காலை அழைப்பு

மலச்சிக்கலைப் பற்றிப் பேச எல்லாரும் கூச்சப்படுகிறோம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராத்திரி முழுக்க ஏறக்குறைய சும்மா கிடக்கும் பெருங்குடல், எழுந்ததும் விழித்துக்கொள்ளும். அதோடு, காலி இரைப்பையில் உணவோ காபியோ விழுந்ததும் பெருங்குடல் பலமாகச் சுருங்கி உள்ளே இருப்பதை ஆசனவாய்ப் பக்கம் தள்ளும். இது உடம்பில் இயல்பாகவே அமைந்த ஏற்பாடு. காலை வேளையில்தான் அதற்கு வேகம் அதிகம். அந்த அழைப்பு வந்து சில நிமிடங்களில் போகாவிட்டால் அது அடங்கிவிடும். மலம் அங்கேயே தங்கும், பெருங்குடல் தன் வழக்கப்படி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சாயங்காலம் அது இறுகிப் போயிருக்கும். தினமும் அடக்கிப் பழகினால் அழைப்பே மங்கிப்போகும்.

ஆறேமுக்கால் லோக்கலுக்கு ஓடுகிறவருக்கு நடப்பது இதுதான். எழுந்த கையோடு குளியல், நின்றபடி ஒரு வாய் காபி, ஓட்டம். வயிறு கூப்பிடும்போது அவர் தாணே தாண்டி ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பார். இருபது நிமிடம் முன்னால் எழுந்து, வெந்நீரோ காபியோ, முடிந்தால் ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் அதே நேரத்தில் ஐந்து நிமிடம் போய் உட்கார்ந்தால், சில வாரங்களில் குடல் அந்த நேரத்துக்குப் பழகிவிடும். வெந்நீரில் தனி மகிமை ஒன்றும் இல்லை. எழுப்பிவிடுவதுதான் அதன் வேலை. காபியும் அதைச் செய்கிறது.

வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள ஃபிளாட்டில் கால் வைக்க ஒரு குட்டி ஸ்டூல் போடுங்கள். முட்டி இடுப்புக்கு மேலே உயர்ந்தால் மலக்குடலின் வளைவு நிமிரும், முக்கத் தேவையிருக்காது. குந்தி உட்காரும் கழிவறையில் இது தானாக அமைந்துவிடுகிறது. மொபைலை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் கீழே ரத்தநாளங்கள் புடைக்கும், மூலத்துக்கு அது நல்ல வழி.

இந்த அறிவுரையை எல்லாராலும் பின்பற்ற முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாராவியில் காலையில் பொதுக் கழிப்பறை முன் டப்பாவோடு வரிசையில் நிற்கிறவரிடம், அழைப்பு வந்ததும் போங்கள் என்று சொல்வது அபத்தம். பெண்கள் பாடு இன்னும் மோசம். வெளியே சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். மலச்சிக்கலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இது ஒரே அடியில் வழி செய்கிறது. 2011-இல் இந்த நகரத்துப் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து 'ரைட் டு பீ', அதாவது சிறுநீர் கழிக்கும் உரிமை என்ற இயக்கத்தையே தொடங்க வேண்டிவந்தது. குடல் ஆரோக்கியம் தனிமனித ஒழுக்கம் மட்டுமே என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஊர் நல்ல பதில்.

தினமும் ஒரு தடவை போக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். எத்தனை முறை என்பதைவிட எப்படிப் போகிறது என்பது முக்கியம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவமனை டாக்டர்கள் மலத்தின் உருவத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்டு 1997-இல் வெளியிட்டார்கள். ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக இருந்தால் முதல் வகை, வெறும் தண்ணீராகப் போனால் ஏழாவது. நடுவில் 3, 4 என்றால் கவலை இல்லை. டாக்டரிடம் கூச்சமில்லாமல் எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்வார்.

உள்ளே இருக்கிறவர்களுக்கும் சாப்பாடு வேண்டும்

பெருங்குடலில் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. 2016-இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி ஒருவர் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி; நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறையச் சமம். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சாப்பாடு. அதைப் புளிக்கவைத்து இவை உண்டாக்கும் சில அமிலங்களில் ஒன்று பியூட்டிரேட். பெருங்குடல் சுவரின் செல்கள் தங்கள் சக்திக்கு நம்பியிருப்பது அதைத்தான். நார் வராவிட்டால் உள்ளே இருக்கிறவர்களும் பட்டினி, சுவரும் பட்டினி.

பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, 400 கிராம் காய்கறி, பழம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. நம் தட்டு எங்கே நிற்கிறது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில், தீட்டிய அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. மைதாவும் அப்படியே. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் 10, 11 கிராம். கொய்யாப்பழம் 8 கிராமுக்கு மேல். வடாபாவை எடுத்துக்கொண்டால், பாவ் மைதா, உள்ளே உருளைக்கிழங்கு. விஷம் ஒன்றும் இல்லை, அவசரத்துக்குப் பசி அடக்கும். தினமும் அதுவே மதியச் சாப்பாடு ஆனால்தான் சிக்கல்.

இந்த விஷயத்தில் மராத்தியர்களின் சமையலறை நமக்குச் சொல்லித்தர நிறைய வைத்திருக்கிறது. முளைகட்டிய மட்கியில், அதாவது நரிப்பயறில் செய்யும் உசல், சோள மாவில் தட்டும் பாக்ரி ரொட்டி, பச்சைக் காய்களை நறுக்கிக் கலக்கும் கோஷிம்பீர், கூடவே தாக் என்கிற மோர். பக்கத்து வீட்டில் தினமும் மணக்கிறது, நாம்தான் மூன்று தலைமுறை ஆகியும் இட்லி, சாதம், தோசை என்று நிற்கிறோம். அந்த உசலில் செய்யும் மிசல்கூட நல்ல சாப்பாடுதான், மேலே மிதக்கும் தர்ரி என்கிற கார எண்ணெயையும் ஃபர்சான் என்கிற மிக்சரையும் கொஞ்சமாகப் போடச் சொன்னால். நம்முடையது வேண்டும் என்றால் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை எல்லாம் இருக்கின்றன. தாராவி 90 அடி ரோட்டிலும் கிடைக்கும். நறுக்கத்தான் ஆள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே தட்டை முழுக்க மாற்றினால் வயிறு உப்பி, கேஸ் பிடித்து, நாரே எனக்கு ஆகாது என்று திரும்பிவிடுவீர்கள். பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைக்கும்போது வாயு வரத்தான் செய்யும். இரண்டு, மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா மாதிரியானவற்றை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். பாலைக் குடித்தால் மட்டும் வயிறு இரைகிறது என்றால், பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைந்திருக்கலாம். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

நல்ல பாக்டீரியாவைச் சாப்பாட்டிலேயே தருகிறோம் என்று இப்போது இட்லிக்கும் பெருமை சேர்க்கிறார்கள். மாவு புளிக்கும்போது அதில் பாக்டீரியா நிறைய இருப்பது உண்மை. பொங்கவைப்பதில் லுகோனோஸ்டாக் என்ற இனத்துக்கு முக்கியப் பங்கு. ஆனால் ஆவியில் வைத்ததும் அவை செத்துப்போகும். இட்லி எளிதில் செரிக்கும், அந்தப் பெருமை போதும். உயிரோடு வேண்டும் என்றால் தயிர், மோர், பழைய சோறு. பழைய சோற்றில் மட்டும் மும்பைப் புழுக்கத்தை மறக்கக் கூடாது. வெந்த சோற்றைக் குக்கரிலேயே மணிக்கணக்கில் மூடி வைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியிலும் சாகாமல் தப்பி, வெதுவெதுப்பான சோற்றில் பெருகி நச்சை உண்டாக்கும்; திரும்பச் சூடாக்கினாலும் வாந்தி எடுக்கவைக்கும் அந்த நச்சு அழியாது. சோற்றைச் சீக்கிரம் ஆறவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடிப்பதுதான் முறை.

மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர்தான் முதல்

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நிலைமை வேறு. பேதி, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஈ எல்லாம் தண்ணீர் வழியாகத்தான் வருகின்றன. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்து. மும்பைக்கு ஏழு ஏரிகளிலிருந்து தண்ணீர் வருகிறது, பாண்டுப்பில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. குழாயில் ஓட்டம் நின்று அழுத்தம் குறையும்போது, விரிசல் இருக்கும் இடத்தில் வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். அப்புறம் சொசைட்டியின் கீழ்த் தொட்டி, மேல்தொட்டி. கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று செக்ரெட்டரியைக் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் செத்துவிடும். மழைக்காலத்தில் வெளியே கவனிக்க வேண்டியவை மூன்று: ஐஸ், பச்சைத் தண்ணீரில் கரைத்த சட்னி, பானிபூரித் தண்ணீர். எண்ணெயில் கொதித்து எடுத்த சூடான பஜ்ஜி அவற்றைவிடப் பாதுகாப்பு. டைஃபாய்டுக்கும் ஹெபடைடிஸ் ஏக்கும் தடுப்பூசி உண்டு, டாக்டரிடம் கேட்கலாம்.

பேதி வந்துவிட்டால் ஆளைச் சாய்ப்பது தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். வெறும் தண்ணீர் குடித்தால் உப்பு திரும்பாது. சிறுகுடல் சுவரில் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகிற ஒரு வழி இருக்கிறது. பேதியிலும் அது பழுதாவதில்லை. அந்த ஜோடியின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே வரும். ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் இந்த ஒரே சூட்சுமத்தில் நிற்கிறது. 1971-இல் வங்காளதேச அகதிகள் மேற்கு வங்காளத்தின் பொன்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் இறந்த பிறகு, 2023-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட், ஒரு டம்ளர் என்று குத்துமதிப்பு போடக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கலவையில் இல்லாத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது. குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மருந்தும் உண்டு, அளவை டாக்டர் சொல்லட்டும்.

மாத்திரைகள் பற்றிக் கொஞ்சம்

லூஸ் மோஷன் என்றதும் மெடிக்கலில் கிடைக்கும் ஆன்டிபயாடிக் கலவை மாத்திரை நம் ஊர்ப் பழக்கம். தண்ணீராகப் போகும் சாதாரண பேதி பெரும்பாலும் சில நாளில் தானாக நிற்கும். அந்த மாத்திரை பேதிக் கிருமியோடு, மேலே சொன்ன உள்ளே இருக்கிறவர்களையும் சேர்த்துக் கொல்கிறது. காய்ச்சலோடு ரத்தம் கலந்து போனால் கதை வேறு, அதை டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரி 'ப்ரசோல்' என்று முடிகிறவை அமிலம் சுரப்பதையே வெகுவாகக் குறைக்கின்றன. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால் போட்டால்தான் வேலை செய்யும். எரியும்போது போடுகிற மாத்திரை அல்ல. மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து, மாத்திரை இல்லாமல் இருக்கவே முடியாது என்று தோன்றவைக்கும். வருடக்கணக்கில் போனால் பி12, மக்னீசியம் குறையலாம், குடல் தொற்றுகளும் கொஞ்சம் கூடலாம். அதே சமயம், இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர் போன்றவர்களுக்கு இது காரணத்தோடு எழுதப்பட்டிருக்கும். தானாக நிறுத்தாதீர்கள், எதற்கு, எவ்வளவு நாள் என்று கேளுங்கள்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் நல்லது, ஆனால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். நிலாவாரை கலந்த சூரணங்கள் குடலைத் தூண்டி வேலை வாங்குகிறவை. எப்போதாவது சரி, தினமும் வேண்டாம். மாதம் ஒரு தடவை விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைக் கழுவுவது ஊர்ப் பழக்கம். குடல் தன் சுவரின் மேல்தோலைச் சில நாளுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்கிறது. அதை வெளியிலிருந்து யாரும் கழுவ வேண்டியதில்லை, டீடாக்ஸ் பொடி விற்கிறவர்கள் உட்பட.

எல்லா டெஸ்டும் நார்மல், வயிறு மட்டும் வலிக்கிறது, மோஷன் மாறி மாறிப் போகிறது என்றால் அது கற்பனை அல்ல. குடல் சுவரில் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் இருக்கின்றன, மூளையோடு ஓயாமல் பேசுகின்றன. தூக்கக் குறைவும் மாதக் கடைசிக் கவலையும் அங்கே எட்டும். ஐ.பி.எஸ்., அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

எப்போது டாக்டர்

மலத்தில் ரத்தம், தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, நாற்பத்தைந்து தாண்டிய வயதில் மலப்போக்கு புதிதாக மாறுவது: இவற்றில் எதுவும் வீட்டு வைத்தியத்துக்குரியது அல்ல. மூலம்தான் என்று தானே முடிவு செய்து ஒரு வருடம் ஓட்டுவதும் இதில் சேர்த்தி. குழந்தையோ முதியவரோ பேதியில் சிறுநீர் போவது குறைந்து, கண் குழிந்து, சோர்ந்து கிடந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

நெஞ்சில் பாரம் அழுத்தி, வேர்த்து, தோள், கை, தாடைப் பக்கம் வலி பரவினாலோ மூச்சு வாங்கினாலோ, வாய்வுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவே வரலாம்.

மற்றபடி, முதலில் போக வேண்டியது பக்கத்து ஃபேமிலி டாக்டரிடம். தேவை என்றால் அவர் குடல் நிபுணரிடம் அனுப்புவார், மாநகராட்சியின் கே.ஈ.எம்., நாயர் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. போகும் முன் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: தொந்தரவு எத்தனை நாளாக, எந்த நேரத்தில், எதைச் சாப்பிட்ட பிறகு, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள். போடுகிற மாத்திரைகளின் பெயரும் வேண்டும், மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையும் ஊரிலிருந்து வந்த லேகியமும் சேர்த்து.